ஜமைக்கா அவென்யூவின் செவ்வாய்க்கிழமைகள்

2025 அக்டோபர் 25 தேதியிட்ட பில்போர்டு 'ஹாட் 100' பட்டியலில், முதல் 40 இடங்களுக்குள் ஒரு ராப் பாட்டுகூட இல்லை. இதற்கு முன் அப்படி நடந்தது 1990 பிப்ரவரி தொடக்கத்தில். அதற்கு அடுத்த வாரம் பிஸ் மார்க்கி என்ற நியூயார்க் பாடகர் 'ஜஸ்ட் எ ஃபிரெண்ட்' என்ற பாட்டோடு 40-க்குள் நுழைந்தார். சுருதியே சேராத குரலில், காதலில் ஏமாந்த கதையை அழாக்குறையாகச் சொன்ன பாட்டு. அன்றிலிருந்து 35 ஆண்டுகள், ஒரு வாரம்கூட விடுபடாமல், ஏதோ ஒரு ராப் பாட்டு அந்த 40-க்குள் இருந்துகொண்டே இருந்தது.

பாளையங்கோட்டையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து இந்தச் செய்தியைச் செல்போனில் படித்தேன். பட்டியல் பார்க்கிற பழக்கத்தை விட்டு வெகுகாலம் ஆகிறது. யார் எந்த இடத்தில் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனாலும் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "யாருக்கு என்னாச்சு?" என்று வீட்டில் கேட்டாள். சொன்னால் சிரிப்பாள். சொல்லவில்லை.

கணக்குத் தெரிந்தவர்கள் சமாதானம் சொல்வார்கள். அதுவும் நியாயம்தான். கென்ட்ரிக் லமாரும் சிஸாவும் பாடிய 'லூதர்' அதே ஆண்டில் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. பழைய பாட்டுகளைச் சீக்கிரம் கழித்துக்கட்டும்படி பில்போர்டு விதியை மாற்றியதால்தான் அது அந்த வாரம் பட்டியலிலிருந்து விழுந்தது. டெய்லர் ஸ்விஃப்டின் புது ஆல்பம் வேறு வந்து மேலிடங்களை அடைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் கேட்கப்படும் இசையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இன்னும் ராப்பும் ஆர்-அண்ட்-பியும்தான். எல்லாம் சரி. இருந்தாலும் எனக்கு என்னவோ அது கணக்காகப் படவில்லை. நான் விட்டுவந்த ஒரு தெரு ஏற்கெனவே செத்துப்போய், அதற்கான சான்றிதழ் இப்போதுதான் தபாலில் வந்த மாதிரி இருந்தது.

அந்தத் தெருவின் பெயர் ஜமைக்கா அவென்யூ. தீவில் இல்லை, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு சொந்தக்காரர் மூலமாகப் போய், அங்கே ஒரு பேப்பர் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். பத்திரிகை, சிகரெட், லாட்டரிச் சீட்டு, ஊருக்குப் பேசுகிற போன் கார்டு, பேட்டரி, சூயிங்கம். ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் கடை. ராப் என்றால் எனக்கு அதுவரை தெரிந்தது 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' ஒன்றுதான். நான் போய் நின்ற இடமோ அந்த இசையின் தாய்வீடுகளில் ஒன்று. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஹாலிஸ், ரன்-டிஎம்சி பிறந்து வளர்ந்த ஊர். இந்தப் பக்கம் செயின்ட் ஆல்பன்ஸ், லிண்டன் பூலவார்ட், 'எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்' பையன்கள் திரிந்த தெரு. தெற்கே 50 சென்ட்டின் பேட்டை. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்லாவில் நிற்கிறவனுக்கு ஊர் தானாகவே காதில் விழும்.

முதலில் போனது அந்த அதிர்வு.

பாட்டு காதுக்கு வருமுன்பே காலுக்கு வந்துவிடும். இரண்டு சிக்னல் தள்ளி வருகிற காரின் டிக்கியில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் இருக்கும். நம்பர் பிளேட் தகரம் தனியாகக் கிடந்து தாளம் போடும். கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட பத்திரிகைகள் லேசாக ஆடும். சூயிங்கம் டப்பா அலமாரி விளிம்பை நோக்கி அங்குலம் அங்குலமாக நகரும், நான் பாட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே இடது கையால் அதைத் தள்ளி வைப்பேன். சிக்னலில் கார் நிற்கிற நேரம் மட்டும் பாட்டு முழுசாகக் கேட்கும். பச்சை விழுந்ததும் ஒரு வரியின் நடுவில் அறுந்து போய்விடும். மிச்சத்தை அடுத்த கார் கொண்டுவரும், ஏனென்றால் அவர்களும் அதே ஸ்டேஷனைத்தான் வைத்திருப்பார்கள், ஹாட் 97, டாலர் வேன் ஓட்டுகிறவரும் அதைத்தான், எதிரே சலூன்காரரும் அதைத்தான், தெரு முழுக்க ஒரே பாட்டு பத்து வாசலிலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது என் காதில் இருக்கிற இயர்போன் நல்ல விலை கொடுத்து மகள் வாங்கித் தந்தது. வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராது. அதில் அந்தப் பாட்டுகளைக் கேட்டால் எல்லா வாத்தியமும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கிறது. கால் மட்டும் சும்மா இருக்கிறது.

பிறகு, செவ்வாய்க்கிழமைகள்.

அப்போது அமெரிக்காவில் புது ஆல்பங்கள் செவ்வாய்க்கிழமைதான் வரும். திங்கள் சாயங்காலமே தெருவுக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். பள்ளி விட்டுவந்த பையன்கள் பஸ் மாறுகிற இடைவெளியில் கடைக்குள் நுழைந்து, டிஸ்க்மேனுக்கு இரண்டு பேட்டரி வாங்கி, அங்கேயே மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். செவ்வாய்க்கிழமை பேட்டரி வியாபாரம் ஒன்றுக்கு இரண்டாக நடக்கும். ராப் பாடகர் பிக்கி ஸ்மால்ஸை 1997 மார்ச் 9-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அவருடைய இரண்டாவது ஆல்பம் அதே மாதம் 25-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தது. தலைப்பு 'லைஃப் ஆஃப்டர் டெத்'. 1998 செப்டம்பர் 29-ஆம் தேதி ஒரே செவ்வாயில் ஜே-ஸி, அவுட்காஸ்ட், பிளாக் ஸ்டார் என்று வரிசையாக வந்து விழுந்தன. அதே நாளில்தான், பிரிந்துவிட்டோம் என்று அறிவித்துவிட்ட ட்ரைப்பின் ஆல்பமும். கையில் ஒரு சிடிக்கு மட்டும் காசு வைத்திருந்த பையன் ஒருவன் எதை வாங்குவது என்று தெரியாமல் என் கடை வாசலில் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நகத்தைக் கடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மாதிரித் திண்டாட்டம் இப்போது யாருக்கு வரும்? மாதச் சந்தா கட்டினால் நாலும் வரும். நாற்பதாயிரமும் வரும்.

2001-இல் வேறொரு செவ்வாய். ஜே-ஸியின் 'தி ப்ளூபிரிண்ட்' வெளியான நாள். காலையில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். தேதி செப்டம்பர் 11.

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு ஓடவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த வாரத்திலும் அந்த ஆல்பம் நாலு லட்சத்துக்கு மேல் விற்றது. சாம்பல் வாடை போகாத ஊரில், ரயில் ஓடாத தடங்களில் நடந்து போய், ஜனங்கள் பாட்டு வாங்கியிருக்கிறார்கள்.

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுவதற்கும் வெளியீட்டு நாளை வெள்ளிக்கிழமை என்று மாற்றிவிட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நள்ளிரவில், எல்லோரும் தூங்குகிற நேரத்தில், அவரவர் போனில் ஓசையில்லாமல் வந்து இறங்குகிற ஒன்றுக்கு யார் போய் வாசலில் நிற்பார்கள்?

அடுத்து ஒரு குரல்.

கடைக்குக் கொஞ்சம் தள்ளி நடைபாதையில் ஒருவர் மடக்கு மேசை போட்டு மிக்ஸ்டேப் விற்பார். டிரினிடாட்காரர், ஐம்பது வயசு இருக்கும், குளிர்காலத்தில் இரண்டு தொப்பி போட்டிருப்பார். கேசட்டாக இருந்து பிறகு சிடியாக மாறிய சரக்கு. எந்தக் கம்பெனியும் வெளியிடாத பாட்டுகள், ஆல்பம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே கசிந்தவை, யாரோ யாரையோ திட்டி நேற்று ராத்திரி பதிவுசெய்தவை. டிஜே க்ளூ மாதிரி ஆட்கள் தொகுத்து, பாட்டுக்கு நடுவே எதிரொலியோடு தங்கள் பெயரைக் கத்தி முத்திரை குத்தியிருப்பார்கள். இவர் அந்தக் கத்தலையே அப்படியே வாயால் கத்தி விற்பார், எதிரொலி உட்பட. காலையில் என் கடையில் காபி வாங்கும்போது குரல் கட்டியிருக்கும். "பாஸ், இன்னிக்கு உன் தொண்டையைக் கொஞ்சம் கடன் குடு" என்பார். மேசையில் எது முதலில் தீர்கிறது என்று பார்த்தே அடுத்த வருஷம் யார் பெரிய ஆள் என்று சொல்லிவிடுவார். 50 சென்ட்டை அப்படித்தான் சொன்னார், ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் சரியாக வாயில் நுழையாத காலத்தில். 2003 பிப்ரவரியில் அந்தப் பையனின் முதல் பெரிய ஆல்பம் வந்த வாரத்திலேயே 8,72,000 விற்றபோது, என்னிடம் வந்து கையை நீட்டினார். எதற்கென்று தெரியாமலே குலுக்கினேன்.

மிக்ஸ்டேப் சட்டப்படி திருட்டுச் சரக்குதான். கம்பெனிகளே பின்வாசல் வழியாகப் பாட்டைக் கொடுத்து விளம்பரம் தேடிக்கொண்டதும் உண்மை, 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் டிஜே டிராமாவின் ஸ்டூடியோவில் போலீஸ் நுழைந்து சிடிகளை அள்ளிக்கொண்டு போனதும் உண்மை. அதற்குப் பிறகு நடைபாதை மேசைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. எங்கள் தெருவில் ஒருநாள் மேசை இல்லை. மறுநாளும் இல்லை. அவர் முழுப்பெயர் என்ன என்று நான் கேட்டுவைத்ததில்லை. இன்றைக்கு எந்தச் சாதனத்தில் தேடினால் அந்தக் குரல் கிடைக்கும்?

கடைக்குள்ளே நடந்த சண்டைகளையும் சொல்ல வேண்டும். 'தி சோர்ஸ்' என்று ஒரு மாதப் பத்திரிகை. ஆல்பங்களுக்கு மைக் கணக்கில் மார்க் போடும். ஐந்து மைக் என்றால் நூற்றுக்கு நூறு. நாஸின் 'இல்மாட்டிக்' 1994-இல் ஐந்து வாங்கியது. எங்கள் கடையில் 'ரோலிங் ஸ்டோன்' பத்து நாள் கிடக்கும், 'சோர்ஸ்' வந்த வேகத்தில் காலியாகும். வாங்காமலே நின்று படிப்பவர்கள் விமர்சனப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, மூன்றரை மைக்கா, இது அநியாயம் என்று என்னிடம் நியாயம் கேட்பார்கள், நான்தான் மார்க் போட்ட மாதிரி. கடிதப் பை தோளில் தொங்க வந்த தபால்காரர் ஒருவரும் பன்னிரண்டு வயசுப் பொடியன் ஒருவனும் நாஸா ஜே-ஸியா என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். வயசு வித்தியாசம் இருவருக்கும் உறைக்கவே இல்லை. இந்தச் சண்டை இன்றும் போனில் நடக்கிறது, எனக்குத் தெரியும். அதில் தபால்காரரின் முகம் தெரிவதில்லை.

இரவுப் பணி இருந்த வியாழன்களில், நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் கொலம்பியா பல்கலைக்கழக வானொலியான டபிள்யூகேசிஆரைப் பிடிப்பேன். ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ என்று இருவர். விளம்பரம் கிடையாது, சம்பளமும் கிடையாது. பிற்பாடு உலகம் கொண்டாடிய பலர் ஒப்பந்தம் எதுவும் கிடைக்காத காலத்தில் அந்த மைக்கின் முன்னால் நின்றவர்கள்தான். ஒருவர் சொல்ல, அறையில் இருக்கிற மற்றவர்கள் சிரிப்பார்கள், "ஓ" என்பார்கள், வரியின் கடைசிச் சொல்லைச் சேர்ந்து சொல்வார்கள். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் புலவர் ஒன்று சொன்னதும் பக்கத்தில் குடம் அடிக்கிறவர் "ஆமா" போடுவாரே, அதுதான், அச்சாக அதுவேதான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பனி கொட்டுகிற ராத்திரியில், சிகரெட் அட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தவனுக்கு அந்த "ஆமா" எவ்வளவு பெரிய துணை என்பதை எப்படிச் சொல்வது. 1998-இல் அந்த நிகழ்ச்சி நின்றது. இன்றைய பாட்டுகளில் பலவற்றில் ஒருவர் தனியாகவே முனகிக்கொண்டிருக்கிறார். ஆமா போட ஆள் இல்லை.

எல்லாமே பொன்னாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டுகளில் பெண்களைப் பற்றிப் பேசிய விதத்தை அன்றும் என்னால் சகிக்க முடிந்ததில்லை, இன்றும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. என் மனைவி கேட்டு வாங்கிய ராப் சிடி ஒன்றே ஒன்று, லாரின் ஹில்லுடையது. அவள் ரசனை என் ரசனையைவிட மேல் என்பதை அதற்கடுத்த ஆண்டு கிராமி கமிட்டியும் ஒப்புக்கொண்டது. துப்பாக்கிக்கும் குறைவில்லை. 2002 அக்டோபர் 30 சாயங்காலம், கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மெரிக் பூலவார்டில் இருந்த தன் ஸ்டூடியோவிலேயே ரன்-டிஎம்சியின் ஜாம் மாஸ்டர் ஜே சுடப்பட்டு இறந்தார். பெரிய நட்சத்திரமான பிறகும் குவீன்ஸை விட்டுப் போகாதவர். வாசலில் மெழுகுவர்த்தி, பூ, இசைத்தட்டு, அடிடாஸ் ஷூ என்று குவிந்தன. இறுதிச் சடங்கில் பெட்டியைத் தூக்கியவர்கள் கறுப்புத் தொப்பியும் வெள்ளை அடிடாஸும் போட்டிருந்தார்கள். பிறகு வந்த காலத்தில் பாடுகிறவர்கள் இறக்கிற வயசு இன்னும் இறங்கிவிட்டது. நிப்ஸி ஹஸல் 33, பாப் ஸ்மோக் 20, ஜூஸ் வேர்ல்ட் 21. குண்டும் மாத்திரையும் ஒரு தலைமுறையின் முன்வரிசையையே அள்ளிக்கொண்டு போயிருக்கின்றன. பட்டியலில் ஆள் இல்லை என்று வியக்கிறவர்கள் இந்த வயசுகளையும் ஒருமுறை பார்க்கலாம்.

ராப் செத்துவிட்டது என்ற பேச்சு புதிதும் இல்லை. 2006-இலேயே நாஸ் அதைத் தன் ஆல்பத்துக்குத் தலைப்பாக வைத்தார். அந்த ஆண்டு விற்பனையும் சரிந்தது. பிறகு ஸ்ட்ரீமிங் வந்து தூக்கிவிட்டது. 2017-இல் ராக் இசையை முந்தி, அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படுவது ராப்பும் ஆர்-அண்ட்-பியும் என்று ஆனது. உச்சிக்குப் போன இடத்தில்தான் சரிவும் தொடங்கியது என்று எனக்குப் படுகிறது. எல்லாரும் ராப்பை எடுத்துக்கொண்டார்கள். 2024-இல் 19 வாரம் முதலிடத்தில் இருந்த ஷபூஸியின் 'எ பார் ஸாங்' 2004-இல் வந்த ஒரு ராப் பாட்டை எடுத்துக் கட்டியது. ஆனால் அதைக் கன்ட்ரி பாட்டு என்றுதான் எண்ணினார்கள். பேச்சு நடை, தாளம், அலட்டல் எல்லாம் பக்கத்து வீடுகளுக்குக் குடிபோய்விட்டன. வாடகை மட்டும் பழைய வீட்டுக்காரனுக்கு வரவில்லை.

இந்த ஏக்கத்தை நீங்கள் புரிந்துகொள்ள ராப் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கேசட் கடை வாசலில் வெள்ளைத்தாளில் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பதிவாகி வர இரண்டு நாள் காத்திருந்தவராக நீங்கள் இருக்கலாம். இரவு பத்து மணி வானொலிக்காகச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்தவராக இருக்கலாம். அந்தக் கடை இப்போது என்னவாக இருக்கிறது? என் கடை இருந்த இடத்தை இணைய வரைபடத்தில் தெருக்காட்சியாகப் பார்த்தேன். வேப் விற்கிறார்கள். டவர் ரெக்கார்ட்ஸ் 2006-இல் போனது. நடு மன்ஹாட்டனில் இருந்த விர்ஜின் மெகாஸ்டோர் 2009-இல். ஆறாவது அவென்யூவில் மாடிப்படி ஏறிப் போகிற ஃபேட் பீட்ஸ் 2010-இல். ட்ரைப்பின் ஃபைஃப் டாக் 2016-இல் இறந்த பிறகு லிண்டன் பூலவார்டின் ஒரு முனைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை இருக்கிறது.

பிஸ் மார்க்கியும் 2021-இல் போய்விட்டார். 40-க்குள் அந்த நீண்ட வரிசையைத் தொடங்கிவைத்தவர் மீதுதான் 1991-இல் ஒரு வழக்கு வந்தது. இன்னொருவர் பாட்டிலிருந்து ஒரு துண்டை அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டார் என்று. திருடாதே என்ற விவிலியக் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதியும் பணமும் என்றாயிற்று. பழைய இசைத்தட்டுகளை வெட்டி ஒட்டியே கட்டிய டி லா சோல் குழுவின் ஆரம்ப ஆல்பங்கள் இந்தச் சிக்கலில் மாட்டி, 2023 மார்ச் 3 வரை எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் இல்லை. அந்த நாளைப் பார்க்க மூவரில் ஒருவரான டேவ் உயிரோடு இல்லை. இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெரிய கம்பெனியின் ஆல்பத்துக்கே இந்தக் கதி என்றால், கம்பெனியே இல்லாத மிக்ஸ்டேப்புக்கு யார் வருவார்கள்?

அதனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஆண்டுகளில் குவீன்ஸிலோ ஜெர்சியிலோ இருந்துவிட்டு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. பரணில், சூட்கேஸ் அடியில், பேனாவால் பெயர் எழுதிய ஒரு சிடியோ கேசட்டோ கிடக்கும். குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கார்னெல் பல்கலைக்கழகம் 2007-இலிருந்து ஹிப்-ஹாப் ஆவணங்களைச் சேகரிக்கிறது. பிராங்ஸ் பார்ட்டிகளுக்குக் கையால் வரைந்த நோட்டீஸ்களைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், பழைய பிளேயர் ஒன்றைத் தேடிப்பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு நகல் எடுத்துவையுங்கள். வீட்டில் எழுதிய சிடிக்கு ஆயுசு குறைவு, மேல்பூச்சு கெட்டால் பாட்டு போய்விடும். வெயில் காலம் வருமுன் எடுத்துவிடுங்கள்.